அலமாரி நிறைந்த நாள்

கோவளத்தில் பஸ் ஸ்டாண்டு என்று அப்போது தனியாக எதுவும் கிடையாது. காதர் பாயின் மளிகைக் கடைக்கு எதிரே வேப்பமரத்தடியில் பஸ் நிற்கும், அதுதான் ஸ்டாண்டு. பங்குனி பிறந்திருந்தது. மரம் கொள்ளாமல் பூ. பஸ்ஸை விட்டு இறங்கினால் வேப்பம்பூ வாசமும் கருவாட்டு வாசமும் ஒன்றாக வந்து மூக்கில் ஏறும். அன்று காலை எனக்கு இரண்டுமே உறைக்கவில்லை. பதினோரு மணிக்கு நூலக ஆய்வாளர் வருகிறார் என்ற நினைப்பு மட்டும்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கடையை ஒட்டின அறைதான் எங்கள் கிளை நூலகம். நூலகர், எழுத்தர், பெருக்கித் துடைக்கிற ஆள், எல்லாம் நான் ஒருத்திதான். விடுமுறைக்கு சிங்கப்பெருமாள் கோயிலில் பெற்றோர் வீட்டுக்குப் போயிருந்தவள், முதல் பஸ்ஸைப் பிடித்து, செங்கல்பட்டில் மாறி, திருப்போரூரில் மாறி, ஒருவழியாக வந்து சேர்ந்திருந்தேன்.

புடவையை உதறிவிட்டு நிமிர்ந்து பார்த்தால், நூலகப் படியெல்லாம் புத்தகம்.

படியில் மட்டுமா? காதர் பாய் கடை பெஞ்சில், கவிழ்த்துப் போட்ட சோடாப் பெட்டிகளின்மேல், எங்கு பார்த்தாலும் புத்தகம். ஒவ்வொன்றுக்கும் அட்டை போட்டிருந்தது. சர்க்கரைப் பைக் காகிதம், சிமெண்டு மூட்டைக் காகிதம், பழைய காலண்டர் தாள், மாதா கோயில் திருவிழா நோட்டீசு என்று அவரவர் வீட்டில் எது இருந்ததோ அது. கிழிந்த முதுகுகளுக்குப் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். எல்லாமே வெயிலில் காயவைத்து எடுத்த மொறுமொறுப்போடு இருந்தன.

கடைக்குப் பின்னாலிருந்த வீட்டின் பக்கவாசலில் மைமூன் அக்கா நின்றிருந்தார். காதர் பாயின் மனைவி. அவர்கள் வீட்டுப் பின்கட்டு அறையில்தான் நான் குடியிருந்தேன். முகமெல்லாம் சிரிப்பாக, "வந்துட்டியா தனம்? நீ வூட்டுக்குப் போன அன்னிக்கே ஆரம்பிச்சுட்டாங்க. எல்லாம் வந்துடுச்சி. ஒண்ணு பாக்கியில்ல" என்றார்.

நான் அப்படியே சோடாப் பெட்டியில் உட்கார்ந்துவிட்டேன். நான் எளிதில் அழுகிற ஜாதி இல்லை. கோபம்தான் எனக்கு முதலில் வரும். அன்று கோபம்கூட வரவில்லை. எல்லாம் முடிந்தது, நூலகம் இந்த ஊரைவிட்டுப் போகப்போகிறது என்று மட்டும் தோன்றியது.

காலியாக இருக்க வேண்டிய அலமாரி

நிறைய புத்தகம் இருந்தால் நூலகருக்கு என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

தை கழிந்த உடனே மாவட்ட நூலக அலுவலகத்திலிருந்து பேச்சு கிளம்பியிருந்தது. பயன்பாடு இல்லாத கிளைகளைக் கடற்கரையிலிருந்து எடுத்து உள்ளே ரோட்டோர ஊர்களுக்கு மாற்றப் போகிறார்களாம். இன்று கண்ணாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கிற சிறுசேரிப் பக்கம் அன்று வயலும் பனைமரமும்தான். அந்தப் பக்கத்துப் பெரிய மனிதர் ஒருவர், நூலகம் தந்தால் கட்டடம் தருகிறேன் என்று முன்வந்திருந்தார். புதுக் கட்டடம் என்றால் யாருக்குக் கசக்கும்? கோவளத்துக் கிளையைத் தூக்கி அங்கே வைத்துவிடலாம் என்று மேலே ஏறக்குறைய முடிவாகியிருந்தது.

காரணம் கேட்டபோது ஒரே பதில்தான் வந்தது. "வாசிக்கற கூடம் எப்பப் பார்த்தாலும் காலியா இருக்கேம்மா."

காலிதான். யார் இல்லை என்றார்கள்? தகரக் கூரை போட்ட சின்ன அறை. மாசியிலேயே உள்ளே உட்கார முடியாது. சாயங்காலம் நாலு ஆண்கள் வந்து பேப்பரைப் புரட்டிவிட்டுப் போவார்கள். பெண்கள் யாரும் படியேறவே மாட்டார்கள். மீன் விற்கிற பெண்களுக்கு, தங்கள் மேல் வீசுகிற வாடையோடு அங்கே போய் உட்காரக் கூச்சம். முஸ்லிம் வீட்டுப் பெண்கள் தெருப்பக்கம் வருகிற வழக்கமே இல்லை. ஆகவே நான் ஒரு காரியம் செய்தேன். நூலகத்தைப் பூட்டிய பிறகு பெரிய பையில் புத்தகங்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போக ஆரம்பித்தேன். மீனவர் தெரு, பாய்மார் தெரு, அம்மன் கோயில் தெரு மூன்றுக்கும் போனேன்.

ஒரு வருஷத்தில் அலமாரிகள் காலியாகிவிட்டன. புத்தகம் என்னிடம் வந்து சேர்வதற்கு முன்பே, அடுத்து அதை எந்த வீடு வாங்குவது என்று அவர்களே பேசி முடித்திருப்பார்கள். நான் பின்னால் ஓடிப்போய் எழுதிக்கொள்வேன்.

எனவே ஆய்வாளர் வந்து 'கூடம் காலியாக இருக்கிறதே' என்று கேட்டால், நான் அலமாரிக் கதவைத் திறந்து காட்டுவதாக இருந்தேன். "இதுவும் காலிதான் சார். எல்லாம் வீடுகளில் இருக்கிறது." இதுதான் என் ஒரே வாதம். ராத்திரி படுக்கையில் பத்துத் தடவை ஒத்திகை பார்த்த வாக்கியம் அது.

கதையை நிறுத்துகிற இடம்

வாதம் மட்டும் போதாது, ஊர் கூட நிற்க வேண்டும் என்று ஒரு மாதமாக அலைந்திருந்தேன். அந்த வருஷம் மாசியும் பங்குனியும் ஒரே அமளி. மாதா கோயிலில் தவக்காலம். பள்ளிவாசலில் மீலாது விழாவுக்கு ஏற்பாடு. அம்மன் கோயிலில் உத்திரத்துக்குப் பந்தக்கால் நடுகிற யோசனை. யாரைப் பிடித்தாலும் "கொஞ்சம் பொறு டீச்சர்" என்பார்கள். நூலகர் என்று சொல்லத் தெரியாமல் ஊரில் எனக்கு வைத்த பேர் டீச்சர்.

நான் பொறுக்கிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வருகிறவர்களை மாதா கோயில் வாசலிலேயே மடக்கினேன். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு பேசச் சொல்லி காதர் பாயைத் தூண்டிவிட்டேன். அவர் கடையில் கணக்குப் பேசுகிற குரலில் நாலு வார்த்தை பேசிவிட்டு வந்து, "போதுமா டீச்சரம்மா?" என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

மதிய நேரத்தில் சவுக்குத் தோப்பு நிழலில் பெண்கள் உட்கார்ந்து இறால் உரிப்பார்கள். அங்கே போய் ஒரு கதை வாசிப்பேன். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, தைத்து பைண்டு பண்ணி வைப்பார்களே, அப்படி ஒன்று யாரோ நூலகத்துக்குக் கொடுத்திருந்தார்கள். அதைத்தான் வாசித்தேன். சரியான இடம் பார்த்து டப்பென்று மூடிவிடுவேன். "மீதி?" என்று கத்துவார்கள். "மீதி லைப்ரரியில இருக்கு, வந்து வாங்கிக்கோங்க" என்று எழுந்து வந்துவிடுவேன். இறால் ஓட்டை என்மேல் வீசியவர்களும் உண்டு.

எல்லோரிடமும் கடைசியாகச் சொன்னது ஒன்றுதான். "ஆபீசர் வர்றார். புத்தகத்தையெல்லாம் பார்ப்பார். லைப்ரரி இங்கேயே இருக்கறதும் போறதும் அன்னிக்குத்தான் தீர்மானம்."

ஊர் அதை நன்றாகவே கேட்டுக்கொண்டது.

பள்ளிவாசல் தேக்சா

"யாருக்கா கொண்டாந்து வைக்கச் சொன்னது?" என்று மைமூன் அக்காவைக் கேட்டேன்.

அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. "யாராவது சொல்லணுமா இன்னா? பாக்க வராங்கன்னா கொண்டாந்து வெக்க வேணாமா?"

கோவளத்துப் பள்ளிவாசலில் தேக்சாக்கள் உண்டு. பிரியாணி ஆக்குகிற பெரிய செம்புப் பாத்திரங்கள். பள்ளிவாசலுக்குச் சொந்தம் என்று பேர்தானே தவிர, வருஷம் முழுக்க ஊர் வீடுகளில்தான் சுற்றிக்கொண்டிருக்கும். மாதா கோயில் கல்யாணத்துக்குப் போகும், அம்மன் கோயில் கூழுக்குப் போகும். ஆனால் மீலாது சமயத்தில் ஜமாஅத்துப் பெரியவர்கள் பாத்திரங்களைப் பார்வையிடுகிற நாளன்று ஒன்றுகூட வெளியே இருக்கக் கூடாது. புளி போட்டுத் தேய்த்து, ஓட்டை ஒடிசல் பார்த்து, ஈயம் போயிருந்தால் பூசி, பள்ளிவாசல் முற்றத்தில் கொண்டுவந்து வரிசையாக வைத்துவிட வேண்டும். வைக்காத வீட்டுக்கு மானம் போய்விடும். அடுத்த கல்யாணத்துக்கு அந்த வீட்டார் பாத்திரம் கேட்டு வாயைத் திறக்க முடியாது.

அந்த வாரம்தான் தேக்சாக்கள் திரும்பியிருந்தன. கையோடு புத்தகங்களையும் திருப்பிவிட்டார்கள். மூன்று தெருவும் சேர்ந்து, யாரும் யாரையும் கேட்காமல், ஒரே மாதிரி தப்பைச் செய்திருந்தன.

எழுந்து மீன் கடைப் பக்கம் ஓடினேன். ரெஜினா கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மீனவர் தெருவில் அவள் சொன்னால் மற்ற பெண்கள் கேட்பார்கள். மாதா கோயில் பள்ளியில் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். வாயைத் திறந்தால் சந்தையே அடங்கும்.

"ரெஜினா, புத்தகத்தையெல்லாம் எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு. உடனே. ஜீப் வர்றதுக்குள்ள."

"இன்னா டீச்சர், வெயிலு ஏறிக்கிச்சா? ஆபீசரு இன்னும் பாக்கவே இல்ல, அதுக்குள்ள எப்டி எடுக்கறது?"

"அவர் பார்க்கக் கூடாதுன்னுதான் சொல்றேன். புத்தகம் உங்க வீட்ல இருந்தாத்தான் நீங்க படிக்கறீங்கன்னு அர்த்தம். அலமாரியில இருந்தா யாரும் படிக்கலேன்னு அர்த்தம்."

ரெஜினா என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "உனக்கு முன்ன இருந்தானே லைப்ரரிகாரன், அவன் போனப்போ ஊரு இன்னா பேசிச்சி தெரியுமா? புக்க வித்துத் துன்னுட்டான்னு பேசிச்சி. நாளைக்கி உன்னிய ஒருத்தன் அப்டி சொல்லிடக் கூடாது. ஒரு புக்கு கொறையாது டீச்சர். நீ கெத்தா நில்லு."

"அதில்ல ரெஜினா..."

"போ, போயி மூஞ்சி கழுவு. நாங்க பாத்துக்கறோம்."

தெருத்தெருவாகப் போய்க் கெஞ்சினேன். எங்கேயும் இதே பதில். என் மானத்தைக் காப்பாற்றுவது என்று ஊரே கங்கணம் கட்டிக்கொண்டு நின்றது. அந்த ஜனங்கள்மேல் எனக்கு வந்த ஆத்திரம் எது, பாசம் எது என்று பிரிக்க முடியவில்லை. திரும்பி வந்தபோது காதர் பாயும் கடை ஆட்களும் சேர்ந்து, நல்லது செய்கிற நினைப்பில், புத்தகங்களையெல்லாம் அலமாரியில் அடுக்கி முடித்திருந்தார்கள்.

அலமாரிகள் நிறைந்து வழிந்தன. நான் வேலைக்குச் சேர்ந்த நாளில்கூட அவற்றை அப்படிப் பார்த்ததில்லை.

ஜீப்

ஆய்வாளர் கெட்ட மனிதர் இல்லை. இதைச் சொல்லிவிட வேண்டும். சட்டைக் காலருக்குள் கைக்குட்டை செருகியிருந்தார். காலையிலிருந்து இரண்டு கிளைகளைப் பார்த்துவிட்டு வந்த களைப்பு முகத்தில் இருந்தது. உள்ளே வந்து நின்றார். காலியான பெஞ்சுகளைப் பார்த்தார். அலமாரியின் பக்கம் போய் ஒரு தட்டின்மேல் விரலால் தேய்த்துப் பார்த்தார். தூசி இல்லை.

"நல்லா வெச்சிருக்கம்மா. சுத்தமா இருக்கு" என்றார்.

பாராட்டுதான். ஆனால் அதுவே எனக்கு எதிரான சாட்சி.

ஒரு புத்தகத்தை உருவினார். சிமெண்டுக் காகித அட்டை. திறந்தபோது மொறுமொறுவென்று சத்தம் கேட்டது. இன்னொன்றை உருவினார். அதுவும் அப்படியே.

"யாரும் தொட்ட மாதிரியே தெரியலியே?"

"எல்லாம் வெளியில இருந்தது சார். நேத்தும் முந்தாநாளும்தான் திருப்பிக் குடுத்தாங்க."

"எல்லாருமா?"

"ஆமாம் சார்."

"ஒரே சமயத்துலயா?" அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன். "பதினெட்டு வருஷமா நூலகத் துறையில இருக்கேன்மா. ஒரு கிளையில வெளியே போன புத்தகம் எல்லாம் ஒரே நாள்ல திரும்பி வந்து நான் பார்த்ததில்லை."

தேக்சா விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கே அது பொய் மாதிரி ஒலித்தது. பிரியாணிப் பாத்திரம், புளி, ஈயம் என்று நான் உளறிக்கொண்டு போக, அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். யாருக்கு எது போனது என்று எழுதின பதிவேட்டை நீட்டினேன். அவர் அதைத் திறக்கக்கூட இல்லை. "எழுதறதுக்கு என்னம்மா, பேனாதானே வேணும். உன்னைச் சொல்லலை. பொதுவா சொல்றேன்."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வெயிலிலும் மழையிலும் நான் தூக்கிச் சுமந்த பை அங்கேயே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து அவர் முன்னால் வீசலாமா என்று இருந்தது. வீசவில்லை. வீட்டில் என் சம்பளத்தை எதிர்பார்த்துத் தங்கையின் படிப்பு இருந்தது.

அவர் மேஜையில் உட்கார்ந்து வெள்ளைத்தாளை எடுத்தார். எழுத ஆரம்பித்தார். தலைகீழாக இருந்தாலும் எனக்கு எழுத்துப் படிக்கத் தெரியுமே. 'பயன்பாடு காணப்படவில்லை' என்ற வரி வரைக்கும் படித்தேன். அதற்குமேல் படிக்கத் தெம்பு இல்லை.

வாசலில் கூட்டம்

கூட்டத்தை முதலில் பார்த்தது ஜீப் டிரைவர்தான். உள்ளே ஓடி வந்தார். "சார், வெளியே ஆளுங்க சேந்துட்டாங்க."

நானும் எட்டிப் பார்த்தேன். மீன் கடை முடிந்திருந்தது. ரெஜினாவும் மற்ற பெண்களும் கூடைகளோடு படிக்கு எதிரே நின்றார்கள். வேப்பமரத்தடியில் மீனவர் தெரு ஆண்கள், அம்மன் கோயில் தெருக்காரர்கள். காதர் பாய் வீட்டுப் பக்கவாசலில், இதை என்னால் நம்பவே முடியவில்லை, வெள்ளைத் துப்பட்டி போர்த்திய பெண்கள் ஒரு வரிசையாக நின்றார்கள். பாய்மார் தெருப் பெண்கள் பட்டப்பகலில் தெரு ஓரம் வரை வந்து நின்றதை நான் அதுவரை கண்டதில்லை. யாரும் கத்தவில்லை, கோஷம் போடவில்லை. சும்மா நின்றார்கள். அதுதான் பயமாக இருந்தது.

நெருக்கடி நிலை அமலில் இருந்த காலம் அது. நாலு பேர் கூடி நின்றாலே ஏன் என்று கேட்பார்கள். ஆய்வாளர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

"என்னம்மா இது? என்னைச் சுத்தி வளைச்சு கெரோ பண்றதுக்கு ஆள் சேர்த்து வெச்சிருக்கியா?"

"இல்ல சார், சத்தியமா எனக்குத் தெரியாது."

"ஒரு அரசு ஊழியரை மடக்கி வைக்கறது என்ன குற்றம்னு தெரியுமா உனக்கு? திருப்போரூர் ஸ்டேஷன் எவ்வளவு தூரம்?" கடைசிக் கேள்வி டிரைவருக்கு.

நூலகம் போனது போகட்டும், இனி ஊர் ஜனங்களை போலீஸ் இழுத்துக்கொண்டு போகும், எல்லாம் என்னால் என்று தோன்றியது. படிக்கு ஓடினேன். "ரெஜினா, எல்லாரையும் போகச் சொல்லு. தயவு பண்ணிப் போங்க."

"இன்னா போங்க? பாத்து முடிச்சுட்டாரா இல்லியா, அத்த சொல்லு மொதல்ல. மீனு நாத்தத்தோட எவ்ளோ நேரம் வெயில்ல நின்னுகினு இருக்கறது?"

"பார்த்துட்டார், பார்த்துட்டார்."

"ஒண்ணும் கொறையலல்ல?"

"குறையல."

"அப்போ வழிய வுடு." ரெஜினா கூடையைப் படியில் இறக்கிவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக நூலகத்துக்குள் காலடி வைத்தாள். ஆய்வாளர் இரண்டடி பின்னால் போனார். அவள் அவரைக் கவனிக்கவே இல்லை. அலமாரியைப் பார்த்துக் கையை நீட்டினாள். "அதோ, முருகரு காலண்டர் அட்டை போட்ட பைண்டு புக்கு. அத்த எடு. என் மொற அது."

"அது உன் மொறையில்ல."

பக்கவாசலிலிருந்து வந்த குரலைக் கேட்டு நான் திரும்பினேன். மைமூன் அக்கா. வெளி ஆண்கள் முன்னால் அவர் பேசி நான் கேட்டதில்லை. என்னிடம்கூட வீட்டுக்குள்தான் குரல் உயரும். துப்பட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து படியேறினார். பக்கத்துக் கடையில் காதர் பாய் தராசைக் கையில் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றார்.

"அந்த புக்கு என்கிட்டதான் இருந்திச்சி. கடைக்கு வந்த காலண்டர்ல அட்ட போட்டதே நான்தான். பாதி படிச்சினு இருந்தேன். ஆபீசரு பாக்கணுமேன்னு கொண்டாந்து வெச்சேன். படிச்சு முடிச்சா வெச்சேன்?"

"திருப்பிக் குடுத்தா குடுத்ததுதான் மைமூனு," என்றாள் ரெஜினா. "உனக்கு அடுத்தது நான்னு மாசி மாசமே பேசி வெச்சிக்கினோம். நீ நாள்கணக்கா இழுத்துனு இருந்தே."

"எனக்கு வூட்டு வேல இல்லியா? ஒக்காந்து ஒரே மூச்சுல படிக்க நான் இன்னா கலெக்டரா?"

"எனக்கு மட்டும் கடல்ல இருந்து மீனு தானா கூடைக்கு வருதா?"

நான் நடுவில் புகுந்தேன். இருவரும் சேர்ந்து என்னைத் தள்ளினார்கள். பின்னால் நின்ற பெண்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். பார்வைக்காகக் கொண்டுவந்து வைத்தது திருப்பிக் கொடுத்ததாகுமா ஆகாதா என்று படியில் ஆரம்பித்து வேப்பமரம் வரைக்கும் விவாதம் போனது. மற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. "சர்க்கர பேப்பரு அட்ட என்னுது", "அந்த சமையல் புக்க இப்டி குடு" என்று கைகள் அலமாரிக்குள் நீண்டன. என் ஜென்மத்தில் அந்த அறையில் அவ்வளவு பெண்களை நான் பார்த்ததில்லை. வேர்வை வாசமும் மீன் வாசமும் அத்தர் வாசமும் தகரக் கூரைக்குக் கீழே கலந்து அடித்தன.

ஒரு கேள்வி

ரெஜினா சட்டென்று ஆய்வாளர் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு சார். ஆபீசருதானே நீ? யாரு மொற?"

அவர் என்னைப் பார்த்தார். நான் உதடு பிதுக்கினேன். எந்த விதிப் புத்தகத்திலும் இதற்கு விதி கிடையாது.

"என்ன புத்தகம் அது?" என்றார் மெல்ல.

நான் எடுத்துக் கொடுத்தேன். முருகர் படம் போட்ட அட்டையைப் பிரித்து முதல் பக்கத்தைப் பார்த்தார். பத்திரிகைத் தாள்கள் பழுத்திருந்தன. அவர் முகம் மாறியது. "இதுவா? இது தொடரா வந்தப்போ எங்க வீட்ல வாங்கிட்டிருந்தோம். வியாழக்கிழமை ஆனா யார் முதல்ல படிக்கறதுன்னு சண்டை நடக்கும்."

மைமூன் அக்கா தரையைப் பார்த்தபடி சொன்னார். "அந்தப் பொண்ணு தாலியக் கழட்டி வெச்சிட்டு எழும்பூரு ஸ்டேஷன்ல வந்து நிக்கறா சார். வண்டி கெளம்பப் போவுது. அந்த எடத்துல மூடி வெச்சிட்டுக் கொண்டாந்து குடுத்தேன். அவ வண்டி ஏறினாளா இல்லியான்னு தெரியாம மூணு நாளா எனக்குச் சோறு எறங்கல. நான் எப்டி வுட்டுக் குடுக்கறது?"

"அதுவா? அவ கடைசியில..."

"அய்யோ, சொல்லாதீங்க!" என்று மைமூன் அக்காவும் ரெஜினாவும் ஒரே குரலில் அலறினார்கள். ரெஜினா இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள். பின்னால் நின்ற பெண்களில் பாதிப் பேர் பொத்திக்கொண்டார்கள்.

ஆய்வாளர் வாயை மூடிக்கொண்டார். அவர் கண்கள் அந்தக் காதுகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போயின. நான் மேஜைமேல் கிடந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதிய மட்டும் அப்படியே கிடந்தது, பேனாவும் மூடாமல் பக்கத்திலேயே கிடந்தது.

"அந்தம்மா பாதியில நிக்கறாங்க. முடிச்சிட்டுத் தரட்டும்" என்று தீர்ப்புச் சொல்லி, புத்தகத்தை மைமூன் அக்காவிடம் நீட்டினார். அக்கா முந்தானை நுனியால் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். காதர் பாய் கடையிலிருந்து இறங்கி வந்து படியருகில் நின்றார். அக்கா போக வழிவிட்டு நகர்ந்து கொண்டார்.

ரெஜினாவுக்கு மனசே ஆறவில்லை. "அப்டின்னா ஒரு கணக்கு வெச்சிக்கலாம். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுடு மைமூனு. சனிக்கிழமை நான் இங்க வந்து வாங்கிக்குவேன். நானே வருவேன், டீச்சரு பையத் தூக்கினு வரவரைக்கும் காத்துனு இருக்க மாட்டேன்." கூடையை எடுக்கப் போனவள் நின்று, ஆய்வாளரைப் பார்த்தாள். "சனிக்கிழமை லைப்ரரி தொறந்து இருக்கும்ல சார்?"

சண்டையின் சூட்டில் அவள் மறந்துபோய்க் கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான், நூலகம் இருப்பதும் போவதும் அன்றைக்குத்தான் தீர்மானம் என்பது மற்றவர்களுக்கு நினைவு வந்தது. அலமாரிக்குள் நீண்ட கைகள் அப்படியே நின்றன.

ஆய்வாளர் மேஜையிலிருந்த தாளை எடுத்தார். நாலாக மடித்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேனாவை மூடினார்.

"தொறந்திருக்கும்மா" என்றார்.